குடும்பத்தினர் வழியே பக்கவாத மறுவாழ்வு: இந்தியாவின் அட்டெண்ட் ஆய்வு குறித்த நிகழ்வு ஆய்வு

பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர், உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதியானதும் பெரும்பாலும் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலிழந்து, பேச்சு குழறி, சிலருக்குத் தண்ணீரை விழுங்குவதே சிரமமாக இருக்கும் அந்த நிலையில், இனி அவருக்குத் தேவைப்படும் சிகிச்சையில் மாத்திரைகளின் பங்கு சிறியது. படுக்கையில் புரள, எழுந்து உட்கார, பிடியின்றி நிற்க, நடக்க, சோறு பிசைந்து உண்ண, கழிப்பறைக்குத் தனியே போய்வர அவர் மீண்டும் கற்க வேண்டும். இதைக் கற்றுத்தரும் இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோர் இந்தியாவில் பெருநகர மருத்துவமனைகளைச் சுற்றியே குவிந்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை வாடகை வண்டி பிடித்து நோயாளியை அழைத்துவரும் வசதி பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. ஆனால் மருத்துவமனைக் கட்டிலின் அருகிலும், பிறகு வீட்டிலும், ஒரு மனைவியோ மகளோ மருமகளோ மகனோ இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் அவர்களுக்கே முறையாகப் பயிற்சி கொடுத்து, மறுவாழ்வுச் சிகிச்சையின் ஒரு பகுதியை அவர்கள் கையில் ஒப்படைத்தால் என்ன? இந்தக் கேள்வியை நம் நாட்டில் மிகப் பெரிய அளவில், மிகக் கறாரான முறையில் சோதித்துப் பார்த்தது அட்டெண்ட் என்ற ஆய்வு. அதன் முடிவுகள் 2017ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. மாற்றுத்திறனாளிகளுக்கான உடலியல் மறுவாழ்வு பற்றிய ஆய்வுகளை எப்படி வாசிக்க வேண்டும் என்பதைக் கற்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு நம் சூழலில் இல்லை என்றே நினைக்கிறேன். அதனால்தான் அதை இங்கே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வின் பின்னணி

குடும்பத்தினருக்குப் பயிற்சி தரலாம் என்ற எண்ணம் வெற்று ஊகத்திலிருந்து பிறந்ததன்று. 2004ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், லண்டன் பகுதியில் உள்ள ஒரு பக்கவாத மறுவாழ்வுப் பிரிவில் 300 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரின் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் செலவு குறைந்திருந்தது. பராமரிப்பாளரின் சுமை தணிந்திருந்தது. இரு தரப்பினரின் மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருந்தன. நோயாளியின் இறப்பிலோ உடல் இயலாமையிலோ மாற்றமில்லை என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருந்தது. ஆனால் அந்த ஆய்வு மேற்கோள் காட்டப்பட்ட இடங்களிலெல்லாம் முதல் பாதி உரக்கவும் இரண்டாம் பாதி மெல்லவும் சொல்லப்பட்டது. இன்னொரு பக்கம், நோயாளியை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பி, பல்துறை மறுவாழ்வுக் குழு ஒன்றே வீடு தேடிச் சென்று பயிற்சி அளித்தால் பிறரைச் சார்ந்திருக்கும் நிலை குறைகிறது என்பதற்கு ஐரோப்பிய ஆய்வுகள் வலுவான சான்று தந்திருந்தன. அப்படியொரு குழு இல்லாத நாட்டில் குழுவின் இடத்தைக் குடும்பம் நிரப்ப முடியுமா என்பதுதான் அட்டெண்ட் எழுப்பிய கேள்வி.

ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நிதி அளிக்க, சிட்னியைச் சேர்ந்த ரிச்சர்ட் லிண்ட்லியும் லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியனும் முன்னின்று இந்த ஆய்வை நடத்தினார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 2014 ஜனவரி முதல் 2016 பிப்ரவரி வரை 1,250 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்ட ஒவ்வொருவரும் அண்மையில் பக்கவாதம் கண்டவர். அதனால் இயலாமை எஞ்சியிருப்பவர். உயிர் பிழைப்பார் என்ற நியாயமான எதிர்பார்ப்புக்கு உரியவர். குடும்பத்தால் முன்மொழியப்பட்ட ஒரு பராமரிப்பாளரைக் கொண்டவர். இந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, 623 பேர் பயிற்சிக் குழுவிலும் 627 பேர் ஒப்பீட்டுக் குழுவிலும் இடம்பெற்றார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு அந்தந்த மருத்துவமனையில் வழக்கமாகக் கிடைக்கும் கவனிப்பு அப்படியே கிடைத்தது. பயிற்சிக் குழுவுக்கு அதோடு கூடுதலாக, பயிற்சி பெற்ற ஓர் ஒருங்கிணைப்பாளர் குடும்பத்தினரைச் சந்தித்துக் கற்றுத்தந்தார். பக்கவாதம் என்றால் என்ன, மீட்சி எப்படி நிகழும், செயலிழந்த கையையும் தோளையும் படுக்கையில் எப்படி வைக்க வேண்டும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்ற வேண்டும், நடையையும் கைவேலையையும் எப்படித் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும் என்பவை அந்தப் பயிற்சியில் அடங்கின. நோயாளியும் குடும்பத்தினரும் சேர்ந்தே இலக்குகளை வகுத்தார்கள். மருத்துவமனையில் தொடங்கிய இந்தப் பயிற்சி, வீடு திரும்பிய பிறகும் இரண்டு மாதங்கள் வரை தொடர்ந்தது.

பயிற்சி பெறுகிறவர் அதை அறியாமல் இருக்க முடியாது என்பதால், மருந்து ஆய்வைப் போல, யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை நோயாளிக்கும் சிகிச்சை தருபவருக்கும் தெரியாமல் மறைப்பது மறுவாழ்வு ஆய்வுகளில் இயலாது. அட்டெண்ட் அதற்குரிய சிறந்த மாற்றைக் கையாண்டது: 3ஆம் மாதத்திலும் 6ஆம் மாதத்திலும் நோயாளியின் நிலையை மதிப்பிட்டவர்களுக்கு, அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பது தெரிவிக்கப்படவில்லை. நம்பிக்கையோடு உழைத்தவரே முடிவையும் அளக்கும்போது, தன்னையறியாமலேயே கை சற்றுத் தாராளமாகிவிடும். மறுவாழ்வுத் துறையில் வெளியாகும் பல சிறிய ஆய்வுகளின் பெரிய வெற்றிகளுக்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

முடிவுகள்

முதன்மை அளவீடாக ரேங்கின் அளவுகோல் எடுத்துக்கொள்ளப்பட்டது. எந்தக் குறையும் இல்லாத நிலைக்குச் சுழியம், இறப்புக்கு 6 என்று ஏழு படிகள் கொண்ட அளவுகோல் அது. இதில் 3 முதல் 6 வரை உள்ள நிலைகள், அதாவது அன்றாட வாழ்வுக்குப் பிறர் உதவி தேவைப்படும் நிலை முதல் இறப்பு வரை, மோசமான விளைவாகக் கணக்கிடப்பட்டன. ஆறு மாத முடிவில் பயிற்சிக் குழுவில் 607 பேரில் 285 பேரும், ஒப்பீட்டுக் குழுவில் 605 பேரில் 287 பேரும் அந்த மோசமான விளைவில் இருந்தார்கள். இரண்டுமே 47 விழுக்காடு. இறந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 72 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 86 பேர். இந்த வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய எல்லைக்குள்ளேயே இருந்தது. மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் பங்கிலும் வேறுபாடில்லை. அன்றாடச் செயல்களை அளக்கும் பார்தெல் குறியீடு, வாழ்க்கைத் தரம், பராமரிப்பாளரின் சுமை, மனச்சோர்வு ஆகிய துணை அளவீடுகளும் அதையே சொல்லின.

இந்த எண்களில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். இரு குழுக்களுக்கும் இடையிலான வாய்ப்பு விகிதம் (1 என்றால் இரண்டும் சமம்) 0.98, அதன் 95 விழுக்காடு நம்பக இடைவெளி 0.78 முதல் 1.23 வரை. மோசமான விளைவின் வாய்ப்பை இந்தப் பயிற்சி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்திருக்கவும் கூடும், ஏறத்தாழ அதே அளவு கூட்டியிருக்கவும் கூடும் என்ற எல்லைக்குள் உண்மை இருக்கிறது என்பதே இதன் பொருள். 40 பேரை வைத்து நடத்தும் ஆய்வில் இந்த இடைவெளி மிக அகன்றிருக்கும். அங்கே ‘வேறுபாடு இல்லை’ என்ற முடிவுக்கு அதிக மதிப்பில்லை. 1,250 பேரைச் சேர்த்து, அவர்களில் ஆறு மாத அளவீடு கிடைக்காதவர்கள் 38 பேர் மட்டுமே என்ற நிலையில் முடித்த ஆய்வு சொல்லும் ‘வேறுபாடு இல்லை’ அப்படிப்பட்டதன்று. பெரிய பயன் இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும். வீடு மாறுவதும், தொலைபேசி எண் மாறுவதும், வெளியூர் பயணமும் மலிந்த நம் நாட்டில் 97 விழுக்காட்டினரைக் கடைசிவரை பின்தொடர்ந்தது அந்த 14 மருத்துவமனைகளின் களப்பணியாளர்களுடைய சாதனை. முடிவின் பரபரப்பில் அது போதுமான அளவு பாராட்டப்படவில்லை.

ஆய்வாளர்கள் தங்கள் முடிவுரையில் சுற்றி வளைக்கவில்லை. நிபுணரின் பணியைக் குடும்பத்தினருக்கு மாற்றுவது ஈர்ப்புள்ள வழியாகத் தோன்றினாலும், புதிய சான்று கிடைக்கும் வரை அத்தகைய சேவைகளில் முதலீடு செய்வதை இந்த முடிவுகள் ஆதரிக்கவில்லை என்று எழுதினார்கள். பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய திட்டத்தைப் பற்றி அதை உருவாக்கியவர்களே இப்படி எழுதுவது எளிதன்று.

ஏன் பயன் தெரியவில்லை?

முதலில் கேட்க வேண்டியது, பயிற்சியின் அளவு போதுமானதாக இருந்ததா என்பது. மறுவாழ்வில் அளவு என்பது மருந்தின் மில்லிகிராம் அளவுக்குச் சமம். 2006ஆம் ஆண்டு வெளியான எக்ஸைட் ஆய்வை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் கடந்த 222 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரின் நலமான கைக்கு உறை மாட்டி, பாதிக்கப்பட்ட கையை மட்டுமே பயன்படுத்தச் செய்து, வேலை நாட்களில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வரை இரண்டு வாரங்கள் தீவிரமாகப் பழக்கினார்கள். கையின் செயல்திறன் தெளிவாக மேம்பட்டது. அங்கே சேர்க்கப்பட்டவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது அசைக்க முடிந்தவர்கள், பழக்கியவர்கள் நிபுணர்கள். சமையல், பிள்ளைகள், கூலி வேலை, நோயாளியைக் குளிப்பாட்டுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவே, தன் கணவருக்கு நடைப்பயிற்சியும் தர வேண்டிய ஒரு பெண்ணால் அந்த அளவை நெருங்கவே முடியாது. நெருங்கவில்லை என்பதற்காக அவரைக் குறை சொல்வதும் அநியாயம்.

ஆனால் அளவைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டவும் இடமில்லை. 2015ஆம் ஆண்டு வெளியான அவெர்ட் ஆய்வு, ஐந்து நாடுகளில் 56 மையங்களில் 2,104 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரைப் பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே படுக்கையிலிருந்து எழுப்பி அதிக அளவில் இயங்கவைத்துப் பார்த்தது. நல்ல விளைவை எட்டியவர்கள் அந்தக் குழுவில் 46 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 50 விழுக்காடு. அதாவது, முந்திக்கொண்டு தீவிரமாகப் பழக்கியது சிலருக்குக் கேடாக முடிந்தது. அதே தரவுகளைப் பிற்பாடு நுணுகிப் பார்த்தபோது, குறைந்த நேரம் நீடிக்கும், அடிக்கடி நிகழும் எழுப்புதலே நல்லது என்று தெரியவந்தது. எப்போது தொடங்குவது, ஒருமுறைக்கு எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை முறை, எந்த அறிகுறியைக் கண்டால் நிறுத்துவது என்பதைக் கணிப்பதுதான் மறுவாழ்வு நிபுணரின் உண்மையான திறன். உடற்பயிற்சியின் அசைவுகளைக் குடும்பத்தினருக்குக் கற்றுத்தரலாம். இந்தக் கணிப்பைச் சில அமர்வுகளில் கற்றுத்தர முடியாது. நேற்று இரண்டு பேர் பிடித்து நடந்தவர் இன்று ஒருவர் பிடியில் நடக்கிறார் என்றால், நாளை பணியை எந்தத் திசையில் கடினமாக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் இல்லாத வீட்டில், பயிற்சி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அட்டெண்டின் முடிவுக்கு இதுவே முதன்மையான விளக்கம் என்பது என் கருத்து.

ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய மருத்துவமனைகளில் குடும்பத்தினர் பார்வையாளர்களாக மட்டும் வந்துபோவதில்லை. இரவும் பகலும் உடனிருந்து புரட்டிப் படுக்கவைப்பதும், ஊட்டுவதும், துடைப்பதும் அவர்கள்தான். ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவர்கள் இயன்முறை மருத்துவர் செய்வதை அருகிலிருந்து பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், பக்கத்துக் கட்டிலுக்காரரிடம் கற்றுக்கொள்கிறார்கள். எனவே அட்டெண்ட் ஒப்பிட்டது குடும்பக் கவனிப்பையும் கவனிப்பே இல்லாத நிலையையும் அன்று. முன்பே நடந்துகொண்டிருந்த குடும்பக் கவனிப்பையும், அதன்மேல் சேர்க்கப்பட்ட முறைசார்ந்த பயிற்சியையும்தான். ஆய்வைப் படித்துவிட்டு ‘குடும்பத்தினர் கவனிப்பதால் பயனில்லை’ என்று யாராவது சொன்னால், அவர்கள் ஆய்வு கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறார்கள். உடனிருக்கும் உறவினர் இல்லாவிட்டால் பல நோயாளிகளுக்குப் படுக்கைப்புண்ணிலிருந்தும் பசியிலிருந்தும் கூடப் பாதுகாப்பு இருக்காது.

பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் மூளை தானாகவே கணிசமாக மீள்கிறது என்பதும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. இரு குழுக்களுமே அந்த இயல்பான மீட்சியால் மேலேறுகின்றன. அதன்மேல் பயிற்சி சேர்க்கும் சிறு பங்கைக் காண ரேங்கின் அளவுகோலின் ஏழு படிகள் மிகப் பரும்படியானவை என்று சிலர் வாதிடுகிறார்கள். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நுண்மையான பார்தெல் குறியீடும் அசையவில்லை என்பதால் அதைக் கொண்டு முழு முடிவையும் தள்ளிவிட முடியாது.

மற்ற நாடுகளின் அனுபவமும் இதை உறுதிசெய்கிறது. 2004ஆம் ஆண்டின் லண்டன் பயிற்சியைப் பிரிட்டனின் 36 பக்கவாதப் பிரிவுகளுக்கு விரித்து, 928 நோயாளி–பராமரிப்பாளர் இணைகளிடம் சோதித்த ட்ராக்ஸ் ஆய்வு 2013இல் வெளியானபோது, ஆறு மாத முடிவில் நோயாளியின் செயல்திறனிலோ பராமரிப்பாளரின் சுமையிலோ வேறுபாடு காணவில்லை. ஒரே மையத்தில், ஆர்வம் மிகுந்த ஒரு குழுவின் கையில் பலித்தது 36 மையங்களில் பலிக்கவில்லை. சீனாவின் ஊரகப் பகுதிகளில் செவிலியர் வழியே குடும்பத்தினருக்குப் பயிற்சி தந்த ரிகவர் ஆய்வும் 2019இல் இதே விடையைத்தான் தந்தது. சிறிய, ஒற்றை மைய ஆய்வின் நற்செய்தியைக் கேட்டதும் திட்டம் தீட்டக் கூடாது என்பதற்கு இந்த வரிசையே போதும்.

ஆய்வில் இடம்பெறாதவர்கள்

இனி அந்த நிபந்தனைக்கு வருகிறேன். பராமரிப்பாளர் ஒருவரைக் குடும்பம் முன்மொழிய வேண்டும் என்பது இந்த ஆய்வின் இயல்பிலேயே தவிர்க்க முடியாதது. ஆளில்லாத வீட்டில் யாருக்குப் பயிற்சி தருவது? ஆனால் அதன் விளைவாக, கணவரை இழந்து தனியே வாழும் மூதாட்டி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தம்பதியரில் எஞ்சிய ஒருவர், வேலை தேடி வேறு மாநிலம் வந்த இடத்தில் விழுந்த தொழிலாளி, நாள் கூலியை விட்டுவிட்டு உடனிருக்க யாராலும் முடியாத வீட்டிலிருப்பவர் ஆகியோர் இந்த எண்களுக்குள் வரவேயில்லை. மறுவாழ்வு மிக அதிகமாகத் தேவைப்படுபவர்கள் இவர்கள்தான். குடும்பத்தை மையமாகக் கொண்ட எந்தத் திட்டமும், அது வெற்றியே பெற்றிருந்தாலும், இவர்களை வெளியேதான் நிறுத்தியிருக்கும். இது ஆய்வாளர்களின் குறையன்று. திட்டம் வகுப்பவர்கள் மறக்கக் கூடாத எல்லை.

‘குடும்பத்தினர்’ என்ற பொதுச்சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெண் இருக்கிறார் என்பதையும் நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனையின் பணியாளர் பற்றாக்குறையை வீட்டுக்கு மாற்றும்போது செலவு மறைவதில்லை; சம்பளப் பட்டியலில் இருந்தது, அவருடைய தூக்கத்திலும் முதுகுவலியிலும் கைவிட்ட வேலையிலும் போய்ச் சேருகிறது. பயிற்சியால் அவருடைய சுமை குறையவும் இல்லை, கூடவும் இல்லை என்று அட்டெண்ட் காட்டியது. நோயாளிக்குப் பயன் உறுதிப்படாத நிலையில் அவரிடம் மேலும் ஒரு பொறுப்பைக் கேட்பதற்கு நியாயமில்லை.

அடுத்து எதைச் சோதிக்க வேண்டும்?

அட்டெண்ட் ஆய்வாளர்களே ஒரு திசையைச் சுட்டினார்கள்: பணியைக் குடும்பத்தினருக்கு மாற்றுவதைவிட, பயிற்சி பெற்ற சுகாதார உதவியாளர்களுக்கோ, குழுவாக இயங்கும் சமூகக் கவனிப்புக்கோ மாற்றிப் பார்க்க வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டில் ஓர் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டிலேயே மருந்து தருவதோடு, இயன்முறை சிகிச்சையையும் வலி தணிப்புக் கவனிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்வதாக வடிவமைக்கப்பட்டது. நிபுணரே வீடு தேடி வருகிறார், அவர் வராத இடைப்பட்ட நாட்களில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் தொடர்பில் இருக்கிறார்கள் என்ற இந்த அமைப்பு, அட்டெண்ட் சோதித்த மாதிரியிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. குடும்பம் இதில் துணை. கணிப்பவரும் பொறுப்பேற்பவரும் பயிற்சி பெற்ற பணியாளர்.

ஆனால் வேறுபட்டது என்பதாலேயே பயன் தரும் என்று கொள்ள முடியாது. இரண்டு அமர்வுகளுக்கு இடையே வாரக்கணக்கில் இடைவெளி விழுமானால், அளவுப் பற்றாக்குறை இங்கேயும் அதே விளைவைத் தரும். எத்தனை பேருக்குச் சேவை சென்றது என்ற கணக்கு, அவர்களில் எத்தனை பேர் தாமாக நடந்து கழிப்பறைக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு விடையாகாது. அதை அறிய ஓர் ஒப்பீட்டு ஆய்வு வேண்டும். அதில் தனி மனிதரைத் தனி மனிதரோடு ஒப்பிட்டால் ஒரே தெருவில் இரு குழுவினரும் பேசிக்கொள்வார்கள். ஆகவே வட்டாரங்களையே அலகாகக் கொண்டு, சில வட்டாரங்களில் பக்கவாத நோயாளி வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே இயன்முறை மருத்துவரின் வருகையும் முதல் மூன்று மாதங்களுக்கு அடுத்தடுத்த அமர்வுகளும் உறுதிசெய்யப்பட்டு, மற்ற வட்டாரங்களில் இப்போதைய நடைமுறை தொடருமாறு அமைக்கலாம். ஒவ்வொரு அமர்வின் நேரமும் பதிவாக வேண்டும். மதிப்பிடுபவர் வெளியிலிருந்து வர வேண்டும். ஆறு மாதத்தோடு நிறுத்தாமல் ஓராண்டு பின்தொடர வேண்டும். பராமரிக்க ஆளில்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய முடிவுகளைத் தனியே எண்ணி வெளியிட வேண்டும்.